உறுதி எழுதும் நாளில் வியாபாரம் முறிந்தால்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஒரு குடும்பம் வீட்டையோ வளவையோ விற்கிறதென்றால் அதற்குப் பின்னால் அனேகமாக ஒரு கல்யாணம் இருக்கும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பது இந்தப் பக்கத்து வழமை. கோட்டைமுனைப் பழைய வீட்டை விற்று, ஆரையம்பதியில் மூத்தவளுக்கு ஒரு வீடு, மிச்சக் காசில் இளையவளுக்கு அத்திவாரம் என்று தகப்பன் கணக்குப் போட்டிருப்பார். வாங்குபவர் கொடுத்த அட்வான்சில் பாதி சீமெந்தாகவும் கம்பியாகவும் ஏற்கனவே இறங்கியிருக்கும். உறுதி எழுதும் நாளில் அந்த வாங்குபவர் வராமல் போனால் மேசனுக்குச் சொன்ன திகதி, மண்டபத்துக்குக் கட்டிய காசு, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் ஒன்றாக ஆடத் தொடங்கும்.

அதனால்தான் இங்கே ஒரு வீட்டு வியாபாரம் முறிந்தால் அது மான அவமானமாகப் பேசப்படுகிறது. கோபத்தில் தொலைபேசி எடுப்பது, தரகரை வீதியில் மறிப்பது, அடுத்த நாளே பாதி விலைக்கு வேறொருவருக்குச் சொல்வது எல்லாம் அந்தச் சூட்டில் நடப்பவை. வீட்டுக் கதையையும் கல்யாணக் கதையையும் பிரித்து வைத்து, இரண்டையும் தனித்தனியாகப் பேச வேண்டும். இந்த அத்தியாயத்தில் முக்கால்வாசி வீட்டைப் பற்றியது. கல்யாணத்துக்கும் ஓர் இடம் உண்டு.

அன்றைக்குச் செய்ய வேண்டியது

முதலில் காகிதங்களைத் திரும்ப எடுங்கள். உங்கள் மூல உறுதி, தாய் உறுதி, நில அளவைப் படம் இவை அந்நேரம் எங்கே கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். வாங்குபவருடைய வங்கியின் சட்டத்தரணியிடம் ஒன்று, தரகரின் பைக்குள் ஒன்று, போட்டோப் பிரதி எடுக்கக் கொண்டுபோன மருமகனிடம் ஒன்று என்று சிதறிக் கிடக்கும். எது யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி, அந்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் கையில் எடுங்கள். வியாபாரம் முறிந்த பிறகு மற்றவர் கையில் கிடக்கும் மூல உறுதியால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

திறப்பைக் கொடுத்துவிட்டீர்களா? "சாமானை மட்டும் கொண்டுவந்து வைக்கிறோம்" என்று கேட்டு, முன் அறையில் அலுமாரியும் கட்டிலும் இறக்கியிருந்தால் அதையும் உடனே பேசுங்கள். உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவர் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எந்தத் திகதிக்குள் எடுப்பார் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாமானை நீங்களே தூக்கி வெளியில் வைத்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பொலிஸ் முறைப்பாடு உங்கள்மேல் வரும்.

பிறகு காரணத்தைக் கேளுங்கள். தரகர் சொல்வது அவருடைய தரகைக் காப்பாற்றும் கதையாக இருக்கும். வாங்குபவரையே கேட்க வேண்டும், அதுவும் சண்டை இல்லாமல்.

"அக்கா, லோன் சரிவரல்ல. மறுகா பார்ப்பம்."

"மறுகா எண்டா எப்ப தம்பி? பேங்க்கால இல்லெண்டு சொல்லிட்டாங்களா, இல்லாட்டி ஏதும் காகிதம் கேட்டாங்களா?"

"காகிதம்தான் கேட்டாங்க. உறுதியில என்னவோ பிழையாம்."

"அத ஒள்ளம் எழுதி வாங்கித் தா மனே. எங்கட பக்கத்துப் பிழை எண்டா நாங்க திருத்துறம்."

இந்த நாலு வரியில் உங்களுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. வாங்குபவருக்குக் காசு பிந்துகிறதா, உங்கள் காகிதத்தில் குறையா, அல்லது அவருக்கு மனம் மாறிவிட்டதா? மூன்றில் எது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. காசு பிந்தினால் காத்திருக்கலாம். காகிதக் குறை என்றால், அடுத்த ஆள் வந்தாலும் அதே இடத்தில்தான் முறியும். மனம் மாறியவரை விட்டுவிடுங்கள். இழுத்து வந்து கையெழுத்து வாங்க நினைக்கும் ஒவ்வொரு வாரமும் உங்களுக்குத்தான் நட்டம்.

எங்கே முறிகிறது

காசுப் பக்கத்தில் பெரும்பாலும் வங்கிக் கடன்தான் காலை வாருகிறது. வங்கி கடன் கொடுப்பது நீங்கள் பேசிய விலையை மட்டும் பார்த்து அல்ல, அதன் மதிப்பீட்டாளர் போட்ட பெறுமதியையும் பார்த்துத்தான். தொண்ணூறு இலட்சத்துக்குப் பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் எழுபதுக்கு மதித்தால், இடைவெளியை வாங்குபவர் தன் கையிலிருந்து போட வேண்டும். அது கடைசி வாரத்தில்தான் அவருக்குத் தெரியவரும். அதோடு முத்திரைத் தீர்வையும் சேரும். விற்பனை உறுதிக்கு முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். தொண்ணூறு இலட்சத்துக்கு அது 3,59,000 ரூபா. இந்தக் காசை யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. "உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோமே" என்ற பேச்சு இங்கேதான் தொடங்கும். சம்மதிக்காதீர்கள். உறுதியில் குறைந்த விலை எழுதினால் வங்கிக் கடனும் அதற்கேற்பக் குறையும், வாங்குபவர் திரும்ப உங்களிடமே வந்து நிற்பார்.

வட்டி ஏறுவது இன்னொரு அடி. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருடத்தில் வங்கிக் கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிப் போனது. மார்ச்சில் அட்வான்ஸ் கொடுத்து ஜூனில் உறுதி எழுத நினைத்திருந்த அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், தன் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது என்று பின்வாங்கினால் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியுமா? அப்படிப்பட்டவரோடு கோபித்துப் பிரயோசனம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்கென்று காசு எடுக்கும் வாங்குபவர்களும் உண்டு. அதில் பிந்துவது அலுவலக நடைமுறை, ஆளுடைய குற்றம் அல்ல. விண்ணப்பித்த பிரதியைக் காட்டினால் ஒரு மாதம் பொறுக்கலாம்.

காகிதப் பக்கம்தான் இந்த வாவிக் கரையில் முறிவுக்கு வளமான இடம்.

வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் இருந்து தொடங்குவோம். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் அரசாங்கம் கொடுத்த பேர்மிற் காணி நிறைய. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்து நிற்காமல் போய் வரலாம் என்றானது. அக்கரைக் காணிகளை இக்கரைக்காரரும் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் பேர்மிற் காணியும் அளிப்புக் காணியும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. சத்தியக் கடதாசி எழுதி ஜே.பி. ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் காணியை "வாங்கி" வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சத்தியக் கடதாசியைக் கொண்டுபோய் ஒரு வங்கியில் கொடுத்தால் அங்கே முறியும். உங்கள் காணி இப்படிப்பட்டதென்றால் முறிந்த வியாபாரத்தைத் திரும்பப் பிடிக்க முயல வேண்டாம். முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய், அனுமதி கிடைக்குமா, பின்னுரித்தாளியாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது சீதன உறுதி. தாய் மகளுக்கு வீட்டை எழுதும்போது தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவது சாதாரணம். நல்ல ஏற்பாடுதான், கடைசிக் காலத்தில் தாயை யாரும் எழுப்பிவிட முடியாது. ஆனால் அந்த வீட்டை மகள் விற்கும்போது தாயும் உறுதியில் கையெழுத்து வைக்க வேண்டும். எண்பது வயதுக் கிழவி அன்று காலையில் "நான் பிறந்த வளவை விக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் குந்திக்கொண்டால், சட்டம் அவருடைய பக்கம். அவருடைய சம்மதத்தை விலை பேசுமுன் கேட்டிருக்க வேண்டும். இப்போதும் கேட்கலாம், ஆனால் வாங்குபவரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி வரும். 2004 டிசம்பர் 26க்கு முன்பு நாவலடியிலும் கல்லடிக் கரையிலும் பெண்ணுடைய சீதனமாக இருந்த வளவுக்குப் பதிலாக, திட்ட வீடு குடும்பத் தலைவர் என்று கணவனின் பெயரில் எழுதப்பட்ட இடங்கள் பல. குடும்பத்தில் எல்லோரும் "அக்காவின் வீடு" என்று சொல்லுவார்கள், காகிதத்தில் அத்தானின் பெயர் இருக்கும். அத்தான் வெளிநாட்டிலோ, பிரிந்தோ, இறந்தோ இருந்தால் அக்கா ஒற்றைக் கையெழுத்தில் விற்க முடியாது. திராய்மடு போன்ற மீள்குடியேற்ற இடங்களில் வீடு பார்க்கிறவர்கள் உறுதி வந்துவிட்டதா, வந்தால் என்ன நிபந்தனையோடு என்று முதலில் கேட்பது இதனால்தான்.

மட்டக்களப்புத் தமிழருக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் இல்லை. முக்குவர் சட்டமும் 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்துவிட்டது. ஆகவே இங்கே ஒரு மனைவி தன் பெயரில் உள்ள வீட்டைத் தானே விற்கலாம், கணவன் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே குடியிருக்கும் குடும்பத்துக்குத் தேசவழமை கூடவே வரும். அந்தப் பெண் விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழமை இதே மாதிரித்தான். ஆனால் தகப்பன் உறுதி எழுதாமல் மௌத்தாகிவிட்டால் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி பங்கு பிரியும். மகள் குடியிருக்கும் வீடாக இருந்தாலும் ஆண்மக்களும் தாயும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டிவரும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லோருடைய வீடும் தெரியும். அதனால்தானோ என்னவோ காகிதத்தைப் பார்க்கும் பழக்கம் குறைவு.

வெளிநாட்டுக் காசு வரும் வியாபாரங்களில் இன்னொரு முறிவு இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்குவதைத் தடுக்கிறது. கனடாவிலோ சுவிஸிலோ பிரசாவுரிமை எடுத்து, இலங்கைப் பிரசாவுரிமையை இழந்த தம்பி, தன் பெயரில் ஊர் வீட்டை வாங்க முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்திருந்தால் முடியும். டொரொன்ரோவில் இருந்து விலை பேசி அட்வான்சும் அனுப்பியபின் நொத்தாரிசு கடவுச்சீட்டைக் கேட்கும்போதுதான் இது வெளியில் வரும். விற்கும் பக்கத்தில் உடன்பிறந்தவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் அனுப்பியிருப்பார்கள். அதை அனுப்பியவர் இடையில் இறந்தால் அந்தத் தத்துவம் அங்கேயே செத்துவிடும்.

கடைசியாக, தண்ணீர். வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இந்த மாவட்டத்தின் முதுகோடு ஓடுகிறது. கரையோரச் சட்டத்தின் 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கடலோடு சேரும் வாவிகளின் ஓரத்தில் 100 மீற்றர் வரையும் கரையோர வலயத்துக்குள் அடங்கும். வாவி ஓரத்து வளவில் புது மதில், புது அறை கட்டும் எண்ணத்தோடு வாங்க வந்தவர் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்று கேள்விப்பட்டதும் பின்வாங்குவார். வேலி பழைய படத்தில் இருக்கும் எல்லையைத் தாண்டி வாவிப் பக்கம் நாலு முழம் நகர்ந்திருந்தால் அதுவும் அளவையாளர் வந்ததும் தெரியும்.

சித்திரையில் வீடு பார்த்தவர் கார்த்திகையில் உறுதி எழுத வருகிறார் என்று வையுங்கள். இடையில் மழை பிடித்துவிட்டது. முன் அறைச் சுவரில் புதிதாக அடித்த டிஸ்டெம்பருக்கு மேலால், முழங்கால் உயரத்தில், பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு மண்ணிறக் கறை எழும்பியிருக்கும். கோட்டுக்குக் கீழே சாந்து உப்பிப் போய், விரலால் தட்டினால் பொருக்குப் பொருக்காக விழும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்தக் கோட்டின் அர்த்தத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். வாங்குபவரின் மனைவி அதை ஒருமுறை பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். அடுத்த நாள் தொலைபேசி வரும்.

அட்வான்ஸ் காசு

அனேகமான வியாபாரங்கள் ஒரு வெள்ளைத் தாளில் நிற்கின்றன. "வீட்டு அட்வான்சாக ரூபா பத்து இலட்சம் பெற்றுக்கொண்டேன், மிகுதி மூன்று மாதத்தில்" என்று எழுதி, முத்திரை ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்து. தரகர் ஒரு சாட்சி, அயல் வீட்டுக்காரர் மறு சாட்சி. பார்க்கப் பெரிய பத்திரம் மாதிரி இருக்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் நொத்தாரிசுக்கு முன்னால், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் நிற்க, எழுத்தில் கைச்சாத்தாக வேண்டும். அப்படி இல்லாத தாளை வைத்துக்கொண்டு வாங்குபவரை வாங்கச் செய்யவும் முடியாது, விற்பவரை விற்கச் செய்யவும் முடியாது.

அந்தத் தாள் காசு கைமாறியதற்குச் சாட்சி. விற்பவர் பின்வாங்கினால் கொடுத்த காசைக் கேட்டு வாங்குபவர் வழக்குப் போடலாம். வாங்குபவரே பின்வாங்கினால் காசு யாருக்கு என்பது தாளில் என்ன எழுதியது, யார் தயாராக நின்றார் என்பதைப் பொறுத்து இழுபடும். "அட்வான்ஸ் திரும்பாது" என்று வாயால் அடித்துச் சொல்லுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கையில் காசு இல்லாதவர்களுக்கு மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. காலமும் ஓடுகிறது: எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம் என்பது 1871ஆம் ஆண்டுக் கால விதிப்புச் சட்டத்தின் பொதுவான கணக்கு.

நான் சொல்வது இதுதான்: உறுதி எழுதி முடியும்வரை அட்வான்சை உங்கள் காசாக நினைக்காதீர்கள். செலவழித்தாயிற்று என்றால் எவ்வளவு மிச்சம் என்று அன்றிரவே எண்ணிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தால் தவணையில் கொடுக்கிறேன் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாங்குபவருக்கும் வழக்கைவிடத் தவணை மேல். அவரால் உங்களுக்கு வந்த செலவைக் கழிக்கலாமா என்று பேசிப் பாருங்கள். மண்டபத்துக்குக் கட்டியதையெல்லாம் அவர் தலையில் கட்ட நினைத்தால் பேச்சு முறியும். இணக்கம் வராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, செலவும் இல்லை. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவையும் வங்கிக் கணக்கு மூலமாகவே கொடுங்கள். மீற்றர் வட்டிக்கு எடுத்து அட்வான்சைத் திருப்பாதீர்கள். நுண்கடன் கம்பனிகளின் படியும் ஏறாதீர்கள். அலுமாரியில் கிடக்கும் நகையை வங்கியில் அடகு வைப்பது அவை இரண்டையும்விட எவ்வளவோ நல்லது.

நொத்தாரிசு முன்னால் ஒப்பந்தம் எழுதி அது காணிப் பதிவகத்தில் பதிவாகியிருந்தால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காசைத் திருப்பிக் கொடுத்துக் கைகுலுக்கியது போதாது. அந்த ஒப்பந்தத்தை இரத்துச் செய்து இன்னொரு உறுதி எழுதிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாங்குபவரின் சட்டத்தரணி தோம்பு தேடும்போது பழைய ஆளின் பெயர் எழும்பி நிற்கும். அந்தப் பழைய ஆள் அதற்குள் கட்டாருக்குப் போயிருப்பார்.

சம்பந்தி வீடு

அந்த வாரத்துக்குள்ளேயே போய்ச் சொல்லிவிடுங்கள். தரகர் மூலமோ மீன்சந்தை மூலமோ அவர்களுக்குச் செய்தி போகுமுன் உங்கள் வாயால் போக வேண்டும். தகப்பன் தனியே போகாமல் தாய்மாமனையோ ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். "வியாபாரம் முறிந்துவிட்டது, வீடு கொடுப்பது முறியவில்லை, திகதிதான் பிந்தும்" என்பதுதான் சொல்ல வேண்டிய செய்தி. அதை நிரூபிக்க ஏதாவது கையில் இருக்கட்டும்.

என்ன கொடுக்கலாம்? வெறும் வளவு ஒன்று இருந்தால் அதை இப்போதே மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிடலாம். நன்கொடைக்கு முத்திரைத் தீர்வை விற்பனையைவிடக் குறைவு, முதல் ஐம்பதாயிரத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 2 சதவீதம். அல்லது விற்க இருந்த வீட்டையே மகளுக்கு எழுதி, தாய் தகப்பன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு பின் அறையில் இருக்கலாம். இந்தப் பகுதியில் பெற்றோர் மகளோடு இருந்து பிறகு பக்கத்தில் சின்ன வீடு போட்டு ஒதுங்குவது புதிதல்ல. இளையவளின் பங்கு என்ன ஆகும் என்பதை அப்போதே பேசி எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து அக்கா தங்கச்சி நீதிமன்றத்தில் நிற்பதைவிட அது மேல். பதிவுத் திருமணத்தைக் குறித்த நாளில் வைத்து, சடங்கை வீடு முடிந்தபின் வைப்பதும் உண்டு.

காசு பிந்தியதற்காகக் கல்யாணத்தையே முறிக்கும் வீட்டுக்கு மகளைக் கொடுக்காமல் விட்டதும் ஒரு கணக்கில் இலாபம்தான். ஆனால் அதை அன்றைக்கு மகளுக்குச் சொல்லாதீர்கள். அவளுக்கு முன்னால் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக் கிடக்கும். குசினிச் சாமானையாவது அவிழ்த்து அடுக்குங்கள். கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் மூன்று மாதம் சமைத்துச் சாப்பிடுவது யாருக்கும் நல்லதில்லை.

நீங்கள் வாங்குபவராக இருந்தால்

விற்பவர் கடைசி நேரத்தில் மாறினால், நொத்தாரிசு ஒப்பந்தம் உள்ளவர் உறுதியை எழுதித் தரும்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். அந்த ஒப்பந்தத்தைப் பதிந்திருந்தால் உங்கள் பிடி இன்னும் இறுக்கம். பதியாமல் பெட்டிக்குள் வைத்திருந்தால், அதே வீட்டைக் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் முந்திவிடலாம். காணிப் பதிவகத்தில் கேவியற் ஒன்றும் போடலாம்: அந்தக் காணியில் வேறு யாருக்கும் எழுதிய உறுதி பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவிக்கச் சொல்லும் விண்ணப்பம் அது. வெள்ளைத் தாள் மட்டும் உள்ளவர் காசைத் திரும்ப எடுப்பதில் கவனம் வைக்கட்டும். தோம்பு தேடிய அறிக்கைக்குக் காசு கொடுத்தது நீங்கள்தான். அதைச் சட்டத்தரணியிடமே விட்டுவிட்டு வராதீர்கள்.

திரும்ப விற்பது

ஒருமுறை முறிந்த வீட்டைப் பற்றி ஊர் கதைக்கும். கேஸ் கிடக்காம், வாசல் சரியில்லையாம், யாரோ தூக்குப் போட்டதாம். இதற்கு வாயால் பதில் சொல்லி முடியாது. காகிதத்தைச் சுத்தமாக்கி வையுங்கள். முப்பது வருடத் தோம்பு, புதிதாக அளந்த படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வரி நிலுவை இல்லை என்ற கடிதம், சீவிய உரித்துள்ளவரின் சம்மதம், வெளிநாட்டு உடன்பிறப்புகளின் புதிய தத்துவம். ஒரிஜினல் உறுதி 1978 சூறாவளியிலோ 1990 இடப்பெயர்விலோ சுனாமியிலோ போய்விட்டதென்றால் பயப்பட வேண்டாம். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகும், அங்கிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். எந்த வருடம், எந்த நொத்தாரிசு என்பது தெரிந்தால் தேடுவது சுலபம். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லையாக உங்கள் தகப்பனின் பெயர் இருந்தால் அதிலிருந்தும் பிடிக்கலாம்.

சுவரில் இருக்கும் வெள்ளக் கோட்டுக்கு மேல் திரும்பவும் பூச்சு அடிக்காதீர்கள். உப்பிய சாந்தைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, புதிதாகப் பூசுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எத்தனை நாள் நின்றது, முகத்துவாரம் வெட்டியபின் எப்போது வடிந்தது என்று கேட்காமலே சொல்லுங்கள். மாரியில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனவர் பின்வாங்குவது அரிது. விலையை உடனே குறைப்பதும் தேவையில்லை. முதலில் விசாரித்து விலை ஒத்துவராமல் போன இரண்டாம், மூன்றாம் ஆட்களின் தொலைபேசி எண்கள் உங்களிடம் இருக்கும். விளம்பரம் போடுமுன் அவர்களுக்கு எடுத்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு பற்றிப் பேசமாட்டார்கள். அந்த மாதங்களைக் காகித வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தை நொத்தாரிசிடமே எழுதுங்கள். வங்கி கடன் மறுத்தால் அட்வான்சில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதும், எந்தத் திகதி தாண்டினால் ஒப்பந்தம் முடிந்ததாகும் என்பதும் அதில் இருக்க வேண்டும். உறுதி எழுதுமுன் நல்ல நாள் தவறிப் போகிறது, பால் மட்டும் காய்ச்சிவிட்டுப் போகிறோம் என்று வாங்குபவர் வந்து கேட்பார். மறுக்க வேண்டாம். அடுப்பும் விறகும் நீங்களே கொடுங்கள், கூட நின்று பாலும் குடியுங்கள். பொழுது படுமுன் திறப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டுங்கள்.